கள்முட்டியும் தடுப்பூசியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியாகத் தென்மேற்கு நோக்கிச் செல்லும் பாதை புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் முடிவடைகின்றது. அதற்கு அப்பால் கடலே வழி. நயினாதீவுக்குப் படகில் ஏறக்குறையக் கால் மணி நேரம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். அத்தீவுகளை அணுகும்போது கண்ணுக்கு முதலில் தோன்றுவது கரையன்று, பனைகளின் தலைகளே. நேயர்கள் பலர் அக்காட்சியை அறிவர். அப்பனைகளின் உச்சியில் கட்டப்பட்டிருக்கும் முட்டிகளுக்குள் நாள்தோறும் நடப்பது யாது என்பதைப் பலர் அறியார். அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

சீவல் தொழிலாளி தளநாரை மாட்டிக்கொண்டு மரமேறி, பாளையை மெல்லிதாகச் சீவி, முட்டியைப் பொருத்திவிட்டு இறங்குகின்றார். இரவு முழுவதும் துளி துளியாகச் சாறு சேர்கின்றது. பாளையிலிருந்து சொட்டும் கணத்தில் அது தெளிந்த இனிய நீர். நூற்றுக்கு 10 முதல் 12 பங்கு வரை வெல்லம் கொண்டது. விடியுமுன்பே அதில் நுரை எழுகின்றது. இறக்கும்போது அது கள்ளாகிவிடுகின்றது. மறுநாள் வரை வைத்தால் புளித்துக் காடியாகின்றது. தீவில் இறக்கிய கள்ளைப் படகேற்றி நகருக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் அதன் விலை குறைவதற்கு இந்த வேகமே காரணம். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவிவிட்டால், அதே பாளை, அதே இரவு. ஆனால் நுரை இல்லை, புளிப்பு இல்லை. கிடைப்பது கருப்பணி. பனங்கட்டி காய்ச்சுவோருக்கு அதுவே மூலப்பொருள்.

இந்த மாற்றத்தைச் செய்வது மதுவம் என்னும் நுண்ணுயிர். அறிவியலார் இதன் தலையாய இனத்தைச் சக்கரோமைசிசு செரவிசியே என்று அழைப்பர். பாண் சுடுவோர் மாவைப் பொங்கச் செய்யக் கலப்பதும் இதனையே; அப்பத்துக்கு மாவைக் கள் விட்டுப் புளிக்க வைத்த நம் பாட்டிமார், பெயர் தெரியாமலே, இதனைத்தான் வளர்த்தார்கள். ஒரே ஒரு கலத்தாலான உயிர் இது. ஆயினும் அந்தக் கலத்தினுள் கரு உண்டு. புரதங்களை ஆக்கும் இடம் உண்டு. ஆக்கிய புரதத்தை மடித்துத் திருத்தும் அகமுதலுருச் சிறுவலை உண்டு. பொதி கட்டி வெளியே அனுப்பும் கொல்கி உபகரணமும் உண்டு. மனித உடலின் கலமொன்றும் ஏறத்தாழ இதே ஒழுங்கில்தான் இயங்குகின்றது. வேறுபாடு, மதுவக் கலத்தைச் சுற்றித் தடித்த சுவரொன்று இருப்பது. இச்சுவரை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பேச்சின் இறுதிவரை அது குறுக்கே நிற்கும்.

மனிதருக்கு நோய் தரும் வைரசுகளைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கின்றோம். மதுவத்துக்கும் வைரசு உண்டு என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 1963 ஆம் ஆண்டில் பெவன், மக்கோவர் என்னும் இருவர் விந்தையான ஒன்றைக் கண்டறிந்தனர். சில மதுவக் கலங்கள் தம் அயலில் வளரும் வேறு மதுவக் கலங்களைக் கொன்றுவிடுகின்றன. தமக்கு மட்டும் தீங்கு நேர்வதில்லை. அவற்றுக்குக் கொல்லி மதுவம் என்ற பெயர் ஏற்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அதன் காரணத்தை வெளிப்படுத்தின. அக்கலங்களுக்குள் வைரசு குடியிருக்கின்றது. அந்த வைரசு சுமந்திருக்கும் பரம்பரைக் கட்டளையின்படி மதுவம் ஒரு நச்சுப் புரதத்தை ஆக்கி வெளியே விடுகின்றது.

இந்த வைரசு நம் ஊர்த் தடிமன் வைரசைப் போன்றதன்று. அது கலத்தை உடைத்துக்கொண்டு வெளியேறி அடுத்த கலத்தைத் தாக்குவதில்லை. தாய்க் கலம் அரும்பி மகட்கலம் பிரியும்போது அதனுடன் செல்கின்றது. இரு கலங்கள் இணையும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகின்றது. அவ்வளவே. முதுசொத்துப் போல வீட்டுக்குள்ளேயே கைமாறும் வைரசு அது. வெளியே செல்வது அதன் நச்சுப் புரதம் மாத்திரமே.

அப்புரதம் வெளியேறும் பாதை ஒழுங்கானது. நீண்ட முன்வடிவமாக ஆக்கப்பட்டு, சிறுவலைக்குள் நுழைந்து மடிக்கப்பட்டு, கொல்கியை அடைகின்றது. அங்கே ஒரு நொதியம் அதனைக் குறித்த இடங்களில் வெட்டித் திருத்திய பின்னரே அது நஞ்சாகின்றது. இந்த வெட்டும் நொதியத்தைத் தேடிக் கண்டவர்கள் பிற்காலத்தில் மனித உடலிலும் அதன் உறவினரைக் கண்டனர். நமது சதையியில் இன்சுலினின் முன்வடிவத்தை வெட்டி இன்சுலினாக்குவது அந்த உறவினரின் வேலையே. நீரிழிவைப் பற்றிய அறிவுக்குக் கொல்லி மதுவம் ஒரு வாயில் திறந்தது என்றால் அது மிகையன்று. வெளியே வந்த நஞ்சு அயற்கலத்தின் சுவரைப் பற்றி, உள்ளே இருக்கும் மென்சவ்வில் துளையிடுகின்றது. துளை வழியே கலத்தின் உப்புக்கள் ஒழுகிப்போக, அக்கலம் இறக்கின்றது. மனிதக் கலத்துக்கு அத்தகைய சுவர் இல்லையாதலால் நஞ்சுக்குப் பற்றுக்கோடு இல்லை. கள் அருந்துவோர் அஞ்சவேண்டியவை வேறு பல உள; இது அவற்றுள் ஒன்றன்று.

இனி, நெருக்கடி என்னும் பகுதிக்கு வருவோம். உயிரியலார் இதனைத் தகைப்பு என்பர். வெப்பம், உப்பு, மிகுந்த வெல்லம், மதுசாரம், அமிலம், பட்டினி ஆகிய யாவும் மதுவக் கலத்துக்கு நெருக்கடிகளே. கள்முட்டியில் இவற்றுள் பல ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலில் வெல்லத்தின் அடர்த்தி கலத்திலிருந்து நீரை இழுக்கின்றது. பின்னர் மதுவம் தானே ஆக்கிய மதுசாரம் அதன் மென்சவ்வைத் தளர்த்துகின்றது. உடன் வளரும் பற்றீரியாக்கள் அமிலத்தைப் பெருக்குகின்றன. வெயில் ஏற ஏற முட்டியும் சூடாகின்றது. வெல்லம் தீர்ந்ததும் பட்டினி. ஒரு மனித வாழ்வில் வரும் இடர்கள் யாவும் ஒரே இரவும் பகலும் கொண்ட காலத்தில் அச்சிறு உயிருக்கு வந்து போகின்றன.

இவை வைரசுப் புரதத்தின் வெளியேற்றத்தை எவ்வாறு பாதிக்கின்றன? விடை ஒரே திசையில் இல்லை. அமிலத்தை எடுத்துக்கொள்வோம். கொல்லி நஞ்சுகளுள் நன்கு ஆராயப்பட்ட முதல்வகை, பி.எச். பெறுமானம் 4.6 அளவான அமில நீரில் வலுவுடன் இயங்குகின்றது. ஐந்தைத் தாண்டினால் வலுவிழக்கின்றது. புதிய பனஞ்சாறு ஏறக்குறைய நடுநிலையானது. புளிக்கப் புளிக்க அது நான்கை நோக்கி இறங்குகின்றது. எனவே சாறு கள்ளாகும் அதே நேரத்தில் அந்த நஞ்சுக்கு உகந்த களமும் அமைகின்றது. சுண்ணாம்பு தடவிய முட்டியிலோ காரத்தன்மை மிகுதி. அங்கே நஞ்சும் இல்லை, அதனை ஆக்கும் மதுவமும் தழைப்பதில்லை. சுண்ணாம்பு தடவும் கைக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் அதன் பலன் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

வெப்பம் செய்வது வேறு. நஞ்சுப் புரதமே சூட்டைத் தாங்காதது. அது மட்டுமன்று. கொல்லி மதுவத்தை 37 முதல் 40 பாகை செல்சியசு வரையான வெப்பத்தில் வளர்த்தால், பல வகைகளில் நஞ்சின் கட்டளையைச் சுமக்கும் வைரசுத் துணுக்கே தொலைந்து போகின்றது. மதுவம் பிழைத்திருக்கின்றது, குடியிருந்தவன் வெளியேறிவிடுகின்றான். இதிலே ஓர் அவலமும் உண்டு. நஞ்சை ஆக்கும் அதே முன்வடிவமே அந்த நஞ்சிலிருந்து கலத்தைக் காக்கும் கவசமாகவும் இருந்தது. துணுக்கை இழந்த கலம் ஆயுதத்தையும் இழந்தது, கவசத்தையும் இழந்தது. நேற்று வரை தன் உடன்பிறப்பாக இருந்த கலத்தின் நஞ்சுக்கே இன்று இரையாகின்றது.

மூன்றாவது, கலத்தின் உள்ளே நடப்பது. சூடு ஏறினாலோ, புரதம் அளவுக்கு மீறி ஆக்கப்பட்டாலோ, சிறுவலைக்குள் மடியாத புரதங்கள் குவியத் தொடங்குகின்றன. துறையில் படகு வராமல் மூட்டைகள் தேங்குவதைப் போன்ற நிலை அது. கலம் இதனை உணர்ந்து, உதவிப் புரதங்களை மிகுதியாக ஆக்குமாறு கருவுக்குச் செய்தி அனுப்புகின்றது. இந்தச் செய்தித் தொடர்பு முதன்முதலில் மதுவத்திலேயே கண்டறியப்பட்டது. 1993 ஆம் ஆண்டில் யப்பானியரான கசுத்தோசி மோரி, சன் பிரான்சிசுக்கோவில் பணியாற்றிய பீட்டர் வோல்ட்டர் ஆகியோர் தனித்தனியே அதன் உணர்வு உறுப்பை இனங்கண்டனர்; 2014 ஆம் ஆண்டில் இருவருக்கும் லாசுக்கர் பரிசு கிடைத்தது. தேக்கம் சிறிதாயின் கலம் சமாளித்துக்கொள்ளும். வெளியேற்றம் கூடுவதும் உண்டு. பெரிதாயின் மடியாத புரதத்தைக் கலமே சிதைத்துவிடும். வெளியே வருவது குறையும். சுவரும் வாளாவிருப்பதில்லை. நெருக்கடியை உணர்ந்த மதுவம் தன் சுவரைப் பலப்படுத்துகின்றது. உள்ளிருப்பது வெளிவருவது அதனால் மேலும் கடினமாகின்றது.

மதுவத்தின் நெருக்கடி நம் மண்ணிலேயே ஆராயப்பட்டிருக்கின்றது என்பது மகிழ்ச்சிக்குரியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உயிர்இரசாயனத் துறையில் பாலகுமார், பேராசிரியை வசந்தி அரசரத்தினம் ஆகியோர் உள்ளூரில் பிரித்தெடுத்து மேம்படுத்திய ஒரு மதுவ வகையைச் சோதித்து, அதன் முடிவுகளை 2012 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்த மதுவம் 40, 45, 50 பாகை வெப்பத்திலும் உயிர் தரித்தது. ஒரு இலீற்றருக்கு 200 கிராம் மதுசாரம் சேர்த்தபோது கலங்கள் யாவும் மடிந்தன. ஆனால் முன்னதாக 45 பாகையில் அரைமணி நேரம் சூடு காட்டப்பட்ட கலங்களுள் நூற்றுக்கு 37 பிழைத்தன. ஒரு நெருக்கடியைத் தாங்கிப் பழகிய கலம் இன்னொரு நெருக்கடியையும் தாங்குகின்றது. அதன் உள்ளே திரெகலோசு என்னும் வெல்லம் சேர்வது இதற்குத் துணையாகும் காரணங்களுள் ஒன்று. அது புரதங்கள் குலையாமல் அவற்றைச் சூழ்ந்து காக்கின்றது. வெப்ப நாட்டில் மதுவத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்த விரும்புவோருக்கு இத்தகைய அறிவு பெரிதும் வேண்டப்படுவது. குளிர்நாட்டு மதுவத்துக்கு ஏற்ற முறைகளை அப்படியே இங்கு எடுத்து வந்தால், குளிரூட்டும் செலவிலேயே தொழில் முடங்கிவிடும்.

இதுவரை சொல்லப்பட்டது மதுவத்தின் சொந்த வைரசைப் பற்றியது. மனிதன் ஒரு படி மேலே சென்று, மனித வைரசின் புரதத்தை மதுவத்தைக் கொண்டே ஆக்குவித்தான். அந்தக் கதை செங்கமாரியில் தொடங்குகின்றது. ஈரலைத் தாக்கும் பி வகை வைரசின் மேலுறைப் புரதத்தை 1960களில் பாரூக் புளும்பேர்க் கண்டறிந்து, 1976 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தடுப்பு மருந்து, நோய்க்காவிகளின் குருதியிலிருந்து அப்புரதத்தைப் பிரித்தெடுத்து ஆக்கப்பட்டது. குருதி போதாது, அச்சமும் இருந்தது. 1982 ஆம் ஆண்டில் சன் பிரான்சிசுக்கோவில் வில்லியம் ரட்டர், பப்லோ வலென்சுவேலா ஆகியோரும், சியாட்டிலில் பெஞ்சமின் ஹோலும் கூட்டாக முயன்று, அப்புரதத்துக்குரிய கட்டளையை மதுவத்துக்குள் புகுத்தினர். மதுவம் கீழ்ப்படிந்தது. வைரசு இல்லை, நோய் இல்லை. மேலுறைப் புரதம் மாத்திரம் சிறு உருண்டைகளாகத் திரண்டது. ஒவ்வோர் உருண்டையும் ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் 22 பங்கு அளவானது. 1986 ஆம் ஆண்டில் அத்தடுப்பு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆனால் ஒரு சிக்கல். மனித ஈரற் கலம் இந்தப் புரதத்தைத் தானே குருதிக்குள் விட்டுவிடுகின்றது. மதுவமோ விடுவதில்லை. தன் சொந்த வைரசின் நஞ்சை ஒழுங்காக வெளியே அனுப்பும் அதே மதுவம், இந்த அயற்புரதத்தை உள்ளேயே அடைத்து வைத்திருக்கின்றது. எனவே கலத்தை உடைத்தே எடுக்கவேண்டியுள்ளது. கண்ணாடி மணிகளோடு சேர்த்துக் குலுக்கியோ, பெரும் அழுத்தத்தில் குறுகிய இடைவெளி வழியே செலுத்தியோ சுவரைத் தகர்ப்பர்.

உடைப்பதும் எண்ணியபடி எளிதன்று. இங்கேதான் நெருக்கடியின் கணக்கு மீண்டும் வருகின்றது. பட்டினி கிடந்த மதுவத்தின் சுவர் கடினமானது, உடைவதற்கு மறுக்கும். அதே பட்டினி, கலத்தின் புன்வெற்றிடத்தில் புரதங்களைச் செரிக்கும் நொதியங்களைப் பெருக்குகின்றது. சுவர் தகரும்போது அவையும் வெளிப்பட்டு, பாடுபட்டு ஆக்கிய புரதத்தையே தின்னத் தொடங்கும். உடைக்கும் விசையால் சூடும் பிறக்கும்; சூடு புரதத்தைக் குலைக்கும். ஆகவே தொட்டியில் வெல்லம் எந்த அளவில் ஊட்டப்படுகின்றது, காற்று எவ்வளவு செல்கின்றது, எந்த நேரத்தில் கலங்களை அறுவடை செய்வது என்பவற்றையெல்லாம் இரவு பகலாகக் கவனிக்கின்றனர். சீவல் தொழிலாளி முட்டியை இறக்கும் நேரத்தைத் தவறவிடாததைப் போலவே இதுவும்; நேரம் தவறினால் இரண்டிலும் சரக்குக் கெடும்.

சுவரே தடை என்பதற்கு வேறு சான்றும் உண்டு. 2002 ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் சிலர் எயிட்சு வைரசின் உட்கூட்டுப் புரதத்தை மதுவத்தில் ஆக்குவித்தனர். அது வெளியேறவில்லை. பின்னர் நொதியத்தைக் கொண்டு கலச்சுவரைக் கரைத்து, மென்சவ்வு மாத்திரம் எஞ்சிய கலங்களை வளர்த்தபோது, வைரசு போன்ற உருண்டைகள் அரும்பி வெளியே வந்தன. மென்சவ்வு வழிவிடத் தயாராக இருந்தது, சுவர்தான் விடவில்லை.

நம் அயலிலும் இத்தொழில் வேரூன்றியது. ஐதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்சு நிறுவனம், வரப்பிரசாத ரெட்டியின் முயற்சியால், 1997 ஆம் ஆண்டில் இந்தியாவின் முதலாவது மதுவவழி ஈரலழற்சித் தடுப்பு மருந்தை வெளியிட்டது. அவர்கள் பயன்படுத்தியது பிச்சியா என்னும் இன்னொரு மதுவம். மெதனோலை ஊட்டினால் புரதத்தை மிகுதியாக ஆக்கும் இயல்புடையது அது. இறக்குமதி மருந்தின் விலை எட்டாதிருந்த எளியவர்களுக்கு அதன் பின்னரே இத்தடுப்பு கைக்கெட்டியது.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கு ஈரலழற்சி பி தடுப்பூசி ஏற்றப்படுகின்றது. 2017 ஆம் ஆண்டில் இன்னொன்றும் சேர்ந்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் பப்பிலோமா வைரசுக்கு எதிரான ஊசி அது. பாடசாலைகளில் ஆறாந் தரத்து மாணவியருக்கு, ஆறு மாத இடைவெளியில் இருமுறை என்று அது தொடங்கப்பட்டது. நான்கு வகை வைரசுகளுக்கு எதிரான அம்மருந்தின் புரதமும் மதுவத்திலே பிறந்ததுதான். அதுவும் மதுவக் கலத்தை உடைத்தே எடுக்கப்படுவது.

ஊர்காவற்றுறைப் பாடசாலைக்கு இந்த ஊசிமருந்து தாம்போதி வழியே வாகனத்தில் வந்துவிடும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகில்தான் வரவேண்டும். பனிக்கட்டிப் பொதிகள் வைத்த குளிர்ப்பெட்டி ஒன்று, அரிசி மூட்டைகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே, குறிகட்டுவானில் ஏற்றப்படுகின்றது. மருந்து இரண்டு முதல் எட்டுப் பாகைக்குள் இருத்தல் வேண்டும். வெயிலுக்கு அஞ்சுவோர் பனிக்கட்டியை அளவின்றி அடுக்க எண்ணுவர். உண்மையில் கூடிய ஆபத்து உறைதலிலேயே உள்ளது. மதுவத்திலிருந்து எடுத்த புரதத்தை அலுமினிய உப்பின் மீது ஒட்டவைத்தே மருந்தாக்குகின்றனர். உறைந்தால் அந்த உப்புத் துகள்கள் திரண்டு கட்டியாகி, மருந்தின் வலு அழிந்துவிடும். உருகிய பின் ஊசி ஏற்றலாம், கையும் வலிக்கும், பதிவேட்டில் பெயரும் எழுதப்படும். பிள்ளைக்குப் பாதுகாப்பு இராது. அது அவளுக்குத் தெரியவும் வராது. ஆதலால் பனிப்பொதிகளை உடனே பெட்டிக்குள் வைப்பதில்லை. வெளியே எடுத்து வைத்து, மேற்பரப்பு வியர்த்து, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும் வரை காத்திருந்து, அதன் பின்னரே வைக்கின்றனர். ஐயம் எழுந்தால் குப்பியைக் குலுக்கி, அசைவின்றி நிறுத்திப் பார்ப்பர். உறைந்து கெட்ட மருந்து விரைவாக அடியில் படியும். நல்ல மருந்து நெடுநேரம் பால்போலக் கலங்கியிருக்கும்.

படகு நெடுந்தீவுத் துறையை அணுகும்போது பனைகளின் தலைகள் தெரிகின்றன. அங்கே முட்டிகளில் மதுவம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. பெட்டியின் மூடியை எவரும் திறப்பதில்லை. பாடசாலை சென்றடையும் வரை அது மூடியே இருக்கும்.